மிச்சமான நீர் யாருக்குரியது?

நம் நாட்டு உழவுத் தொழிலைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் இக்காலத்தில் ஒரு சொல்லைப் பெரிதும் எடுத்தாளுகின்றனர். நீர்ச் சிக்கனம் என்பதே அச்சொல். அரசாங்கத்தார் அதன்பொருட்டுத் திட்டங்கள் வகுத்துப் பொருளுதவி செய்கின்றனர். வேளாண்மைக் கல்லூரிகள் அதனைக் கற்பிக்கின்றன. குழாய் விற்போர் அதனை விளம்பரம் செய்கின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர்களும் தந்தையாரிடத்தும் தமையன்மாரிடத்தும் அதனையே வற்புறுத்துகின்றனர். இவையெல்லாம் நன்றே. குறைந்த நீரைக்கொண்டு நிறைந்த விளைவு காணவேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமிராது. ஆயினும் இம்முயற்சியிற் கேட்கப்படவேண்டிய கேள்வியொன்று கேட்கப்படாமலே நின்றுவிடுகின்றதென நாம் கருதுகின்றோம். ஒருவன் தன் வயலில் நீரை மிச்சம் பிடிக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அங்ஙனம் மிஞ்சிய நீர் யாருக்கு உரியது? அஃது எங்கே இருக்கின்றது? வறண்ட ஆண்டில் அதனை எடுத்துக்கொள்ளப் போகிறவர் யார்? இவற்றுக்கு விடை காணாத சிக்கனம் சிக்கனமாகாது என்பதே நாம் இங்கே சொல்லப் புகுந்தது.

மழையின் போக்கு முன்போல் இல்லை என்பதைக் காட்டப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அண்மைக்கால நிகழ்ச்சிகளை நினைவுகூர்ந்தாற் போதும். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அடுத்த ஆண்டே, 2016-இல், அதே பருவமழை தமிழ்நாட்டில் இயல்பினும் 100-க்கு 62 பங்கு குறைந்து போயிற்று. காவிரியின் கடைமடைகளிற் சம்பாப் பயிர் கருகிற்று. 2019-ஆம் ஆண்டுக் கோடை வறட்சியிற் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வண்டியிலே குடிதண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. பின்னர் 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளிற் பெய்த மழை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையினும் அது மிகுதி. குளங்கள் உடைந்தன, வாழைத் தோட்டங்கள் மூழ்கின. காற்று வெம்மையுற வெம்மையுற அது நீராவியைக் கொள்ளும் ஆற்றலும் பெருகும். வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயரின் அவ்வாற்றல் 100-க்கு ஏறத்தாழ 7 பங்கு கூடும் என்பது பௌதிக நூலார் கண்டது. ஆகவே, பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது மண்ணிலுள்ள ஈரத்தையும் விடாமல் உறிஞ்சுவதும் ஒரே காரணத்தின் இரண்டு காரியங்களாகும்.

இத்தகைய காலத்தில் உழவனுக்கு வேண்டுவது யாது? ஒரு பருவத்தில் மிகுந்த நீர் மற்றொரு பருவத்திற் கிடைத்தல் வேண்டும். அவ்வாறு நீரை வைத்துக் காப்பதற்கு நமக்குள்ள இடங்கள் மூன்றே: ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணை, ஊர்க்குளம், நிலத்தின் அடி. வயலில் மிச்சம் பிடித்த நீர் இம்மூன்றனுள் ஒன்றிற் போய்த் தங்கினாலன்றி அதனை மிச்சமென்று சொல்லுதற்கில்லை. இவ்வெளிய உண்மையை மறந்துவிட்டுக் குழாய்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சொட்டுநீர்ப் பாசனத்தை நாம் பழிக்கப் புகுந்தோமென்று யாரும் கருதவேண்டா. இஸ்ரேல் நாட்டில் சிம்கா பிளாஸ் என்னும் பொறியியலாரது முயற்சியால் உருவாகி, 1965-ஆம் ஆண்டில் ஹட்செரிம் என்னும் கூட்டுப்பண்ணையில் தொழிலாக வேரூன்றிய இம்முறை, மனிதன் கண்டறிந்த நல்ல உபாயங்களுள் ஒன்றே. செடியின் வேரடியில், மணிக்குச் சில லிட்டர் வீதம், சொட்டுச் சொட்டாக நீர் விழுகின்றது. வாய்க்காலில் ஓடி வீணாவதில்லை. இடைவெளி நிலம் நனையாமையாற் களையும் குறைவு. உரத்தையும் நீரோடு கரைத்துவிடலாம். மேடுபள்ளமான நிலத்திலும் செல்லும். தமிழ்நாட்டரசாங்கத்தார் சிறு குறு விவசாயிகளுக்கு, வரையறுத்த அளவுக்குள், இதன் செலவு முழுவதையும், ஏனையோர்க்கு 100-க்கு 75 பங்கையும் மானியமாக அளிக்கின்றனர். உவர்நீரால் துளைகள் அடைபடுவதும், அணிலும் எலியும் குழாயைக் கடிப்பதும், மேற்பார்வையாளர் வந்துபோன பின்னர்க் குழாய்கள் சுருட்டப்பட்டு வேலியோரத்திற் கிடப்பதும் ஆங்காங்கே காணக்கூடியனவே. அவை சிறு குறைகள், திருத்திக்கொள்ளலாம். நாம் சொல்ல வந்த குறை குழாயில் இல்லை.

அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு நூறு குடம் நீர் இறைத்து இரண்டு ஏக்கருக்கு வாய்க்கால் வழியாகப் பாய்ச்சுகிறான் ஓர் உழவன் என்க. அந்நூற்றில் ஐம்பத்தைந்து குடத்தைப் பயிர் குடிக்கின்றது. பத்துக் குடம் வெயிலில் ஆவியாகின்றது. முப்பத்தைந்து குடம் மண்ணில் இறங்கி, ஒருவேளை காலந்தாழ்த்தேனும், அவன் கிணற்றிலோ அயலான் கிணற்றிலோ சேருகின்றது. இப்பொழுது அவன் சொட்டுநீர்க் குழாய் பதிக்கின்றான். அவ்விரண்டு ஏக்கருக்கும் அறுபது குடமே போதியதாகின்றது. நாற்பது குடம் மிச்சம் என்று எழுதிக்கொள்கிறோம். ஆனால் அந்நாற்பதில் முப்பது குடத்திற்கு மேற்பட்டது முன்னரும் நிலத்தடிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மெய்யாக மிஞ்சியது ஐந்தாறு குடந்தான். அதுவும் அவன் அவ்வளவில் நிறுத்திக்கொண்டால். அவன் ஏன் நிறுத்தவேண்டும்? கிணறு அவனுடையது, பம்பு அவனுடையது, அருகே அவனுடைய மானாவாரி நிலம் தரிசாகக் கிடக்கின்றது. மிஞ்சிய நாற்பது குடத்தை அங்கே செலுத்தி வாழையோ மஞ்சளோ வைக்கின்றான். இப்பொழுதும் அவன் இறைப்பது நூறு குடமே. ஆனால் முன்பு அறுபத்தைந்து குடம் நிலத்தைவிட்டு நீங்கிற்று. இன்று ஏறத்தாழ நூறும் நீங்குகின்றது. மடங்கிவந்து அயலான் கிணற்றில் ஊறிய முப்பத்தைந்து குடம் நின்றுபோயிற்று. அயலானோ, தன் கிணறு வற்றியது எதனால் என்று அறியாதவனாய், ஆழ்துளைக் கிணறு போடக் கடன் வாங்குகிறான்.

மண்ணுக்கு மண் இக்கணக்கு வேறுபடும். இறங்கிய நீர் யாருக்கும் எட்டாமற் போகும் நிலங்களும் உண்டு. ஆங்கே குழாயால் வரும் மிச்சம் மெய்யான மிச்சமே. ஆனால் கிணற்றுப் பாசனமே பெரும்பான்மையான பகுதிகளில் நாம் விளக்கியதே நிகழக் காண்கிறோம். இதில் அவ்வுழவனைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. கையிலுள்ள நீரைக்கொண்டு குடும்பத்தின் வருவாயைப் பெருக்குவது குற்றமன்று. மானியம் கொடுத்தவர்கள் நிலத்தடிநீர் காக்கப்பட்டதென்று அறிக்கை எழுதுவதுதான் பொருத்தமற்றது. 2017-ஆம் ஆண்டின் கணிப்பின்படி, தமிழ்நாட்டிலுள்ள 1,166 குறுவட்டங்களில் 462-இல் ஆண்டுதோறும் ஊறும் அளவினும் மிகுதியாக நிலத்தடிநீர் இறைக்கப்பட்டு வந்தது.

இஃது உலகத்திற்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ஜெவான்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1865-இல் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில், குறைந்த கரியில் ஓடும் நீராவி இயந்திரம் வந்தபின்னர்க் கரிச்செலவு குறைவதற்கு மாறாகப் பெருகிற்று என்பதை எடுத்துக்காட்டினார். நீர் விஷயத்திலும் அவ்வாறே. அமெரிக்காவிலே கான்சஸ் மாகாணத்தில், ஒகல்லாலா என்னும் பரந்த நிலத்தடிநீர்ப் படுகையை நம்பி வேளாண்மை செய்வோர், அரசாங்கப் பொருளுதவி பெற்று, நீரைத் தாழ்வாகத் தெளிக்கும் சிக்கனக் கருவிகளுக்கு மாறினர். 2014-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, அம்மாற்றத்தின் பின்னர் இறைக்கப்பட்ட நீர் குறையவில்லை, கூடிற்று என்று காட்டியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட அறிக்கையும், பல நாடுகளின் அனுபவத்தைத் தொகுத்து, நீரெடுப்பிற்கு வரம்பு இல்லாதவிடத்துச் சிக்கனக் கருவியால் நீர் மிஞ்சுவது அரிது என்றே முடிவு கூறுகின்றது.

நிற்க. இதுகாறும் கிணற்று நிலத்தைப் பற்றிச் சொன்னோம். நன்செய் நிலத்தின் செய்தி சிறிது வேறு. நெல்லே நம் நாட்டில் நீரை மிகுதியாகக் கொள்ளும் பயிர்களுள் ஒன்று. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்ந்து, சராசரி 2,500 லிட்டர் வரையில் வயலுக்கு நீர் வேண்டியிருக்கிறதென உலக நெல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். இதனைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றைக் கண்டவர் ஓர் ஆசிரியர் என்பது நம்போன்ற கல்விச்சாலைகளில் நினைக்கத்தக்கது. பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரான ஹென்றி டி லாலானி என்பவர், மடகாஸ்கர் தீவில் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேளாண்மை கற்பித்துவந்தார். 1983-இல், வழக்கமான ஒரு மாத நாற்றுக்குப் பதிலாகப் பதினைந்து நாள் இளநாற்றை ஒவ்வொன்றாக நட நேர்ந்தது. அது பொய்த்துவிடும் என்று எண்ணியிருக்க, தூர்கள் வியக்கத்தக்கவாறு பெருகின. அதுவே இன்று தமிழ்நாட்டிற் திருந்திய நெல் சாகுபடி என்று வழங்குகின்றது. 22.5 சென்டிமீட்டர் இடைவெளியிற் சதுரமாக ஒற்றை நாற்று நடுதல், கோனோ களைக்கருவியை உருட்டிக் களையை மண்ணில் அமுக்கல், வயலில் மயிரிழை போல் வெடிப்புத் தோன்றிய பின்னரே மீண்டும் நீர் கட்டுதல் என்பன இதன் கூறுகள். ஏக்கருக்கு 2 அல்லது 3 கிலோ விதையே போதும். இதன் விளைச்சலைப் பற்றி விஞ்ஞானிகளிடையே வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நீரும் விதையும் குறைவாகச் செலவாகின்றன என்பதிற் பெரிய மறுப்பில்லை.

மற்றொன்று, வயலைக் காயவிட்டு நனைத்தல். இதற்கு வேண்டியது துளையிட்ட ஒரு குழாய்த் துண்டு மட்டுமே. அதனை வயலிற் பதித்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரையிற் பொறுத்திருந்து, பிறகு பாய்ச்சவேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீரை நிறுத்தி வைத்தல் வேண்டும். பாசன நீரில் 100-க்கு 30 பங்கு வரையில் இதனாற் குறையும் என்பர். தேங்கிய சேற்றிலிருந்து எழும் மீதேன் வாயுவும் பெரிதும் அடங்கும். செலவில்லை, விளைச்சற் குறைவும் இல்லை. அங்ஙனமாயின் காவிரி வடிநிலத்தில் எல்லோரும் இதனை ஏன் கைக்கொள்ளவில்லை?

உழவர்கள் அறியாமையால் நீரைக் கட்டி வைக்கிறார்கள் என்று பட்டணத்தில் இருப்போர் எளிதாகச் சொல்லிவிடுவர். கடைமடையில் இருப்பவனைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். வாய்க்காலில் இன்று வரும் தண்ணீர் அடுத்த முறையில் வரும் என்பதற்கு அவனுக்கு யார் உறுதி கூறுவார்? மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. நீர் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு. திறந்த பின்னரும் தலைமடைக்காரர் தம் வயலை நிரப்பிய பின்னரே மிச்சம் கீழே வரும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தார் தமிழ்நாட்டிற்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி... என்று படித்தவர் மொழியிற் சொல்வதைவிட, 177.25 டி.எம்.சி. என்று ஊரார் சொல்லுகிறபடியே சொல்வோம், அவ்வளவு நீர் வரவேண்டுமெனத் தீர்ப்பளித்தனர். மாதந்தோறும் அஃது எல்லையைக் கடந்து வருகிறதா என்பது ஆண்டுதோறும் வழக்காகவே இருக்கிறது. இந்நிலையில் வயலில் அரையடி நீரைக் கட்டி வைப்பவன் அறிவிலியல்லன். தன் வயலையே தன் பண்டகசாலையாகக் கொண்டவன். அவன் வயலைக் காயவிட்டால், அவன் விட்டுக்கொடுத்த நீர் அவனுக்காக எங்கும் வைக்கப்பட்டிருப்பதில்லை. ஆதலின், நெல் வயலில் நீர்ச் சிக்கனம் வயலிலே தொடங்குவதன்று, மதகிலே தொடங்குவது. இன்ன நாளில் இவ்வளவு நீர் வரும் என்று மதகு சொல்லி, சொன்னபடி நடக்குமாயின், அவனும் காயவிடத் துணிவான்.

இங்கும் இடவேறுபாடு உண்டென்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தஞ்சையைச் சூழ்ந்த பழைய வடிநிலத்தில் வயலில் இறங்கும் நீர் பில்ட்டர் பாயிண்ட் கிணறுகளில் மீண்டும் கிடைக்கின்றது. நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கங்களிலோ, கீழிறங்கும் நீர் உவர்நீரோடு கலந்து ஒருவருக்கும் உதவாமற் போய்விடுகின்றது. ஆங்குச் சேமிக்கும் ஒவ்வொரு குடமும் மெய்யாகவே ஒரு குடம். எல்லாவிடத்திற்கும் ஒரே மானியம், ஒரே உபதேசம் என்பது எவ்வளவு பொருந்தாதென்பதற்கு இஃதொன்றே போதும்.

நீரைப் பங்கிடும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரிவாரியம் என்றொரு குழு ஆண்டுதோறும் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்லுகின்றது. அண்மைக் காலம் வரையில் நம் ஊர்க்குளங்களில் நீர்க்கட்டி என்பவரோ மடைக்குடும்பர் என்பவரோ மடையைத் திறந்தடைத்து, எவன் வயலுக்கு எத்தனை நாழிகை என்று அளந்து விட்டனர். நிலத்துக்குடையவன் தானே மடையில் கைவைத்தல் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. கரையைச் செப்பனிடக் குடிமராமத்து இருந்தது. இலங்கையின் வறண்ட நாட்டுக் குளங்களில் பெத்ம என்றொரு வழக்கம் உண்டு. குளம் நிறையாத ஆண்டில், குளத்தையடுத்த வயல்களில் மட்டுமே பயிர் செய்வது. அவ்வயல்களை அந்த ஓர் ஆண்டுக்கு எல்லா நிலக்காரருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. தூரத்து வயல்காரனுக்கும் அருகிலே ஒரு துண்டு கிடைக்கும். பற்றாக்குறையைப் பங்கிடுதற்கு இதனினும் அழகிய வழியை எந்தச் சிக்கனக் கருவியும் கற்பிக்கவில்லை.

ஆயினும் பழமையைப் பாடிக்கொண்டிருத்தல் நம் நோக்கமன்று. நீரளந்து விட்ட நீர்க்கட்டிகளிற் பலர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குலத்தாராகவே வைக்கப்பட்டனர். அளக்கும் பொறுப்பு அவர்களுக்கு, நீர் பிறர்க்கு. குடிமராமத்தும் மனமுவந்த ஊர்ப்பணியாக எங்கும் நடந்ததென்று சொல்லமுடியாது. 1858-இல் ஆங்கிலேய அரசாங்கத்தார் அதற்கென இயற்றிய சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். ஊர்ச் சபையிற் பெண்டிர்க்கு இடமில்லை. அன்றியும், அவ்வமைப்பு அழிந்ததற்கு நாமே காரணர். வசதியுள்ளவன் சொந்தக் கிணறு தோண்டிக்கொண்ட நாளிலிருந்து குளத்தின் கரை உடைந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. அவன் வாராத சபை வலுவிழந்தது. தமிழ்நாட்டிலுள்ள ஏறக்குறைய 39,000 ஏரி குளங்களிற் பல இன்று தூர்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலின், பழையதை அப்படியே மீட்பதன்று வேண்டுவது. கிணற்றையும் குளத்தையும் ஒரே கணக்கில் எழுதும் புதிய ஊர்ச்சபையே வேண்டுவது.

அஃது ஆகாத காரியம் என்பார்க்கு மூன்று இடங்களைக் காட்டுவோம். மராட்டிய நாட்டில், முன்னர் அகமதுநகர் என்று வழங்கிய மாவட்டத்திலுள்ள ஹிவரே பஜார் என்னும் சிற்றூர், மழை குறைந்த வறண்ட ஊர். 1990-ஐயொட்டி போபட்ராவ் பவார் என்பவர் ஊராட்சித் தலைவரானபின், மலைச்சரிவில் வரப்பெடுத்து மழைநீரைத் தேக்கினர். அதனோடு நிற்கவில்லை. பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு போடலாகாது, கரும்பும் வாழையும் வைக்கலாகாது என்று ஊரார் கூடி விதித்துக்கொண்டனர். ஆண்டுதோறும் மழையை அளந்து, குடிப்பதற்கும் கால்நடைக்கும் வேண்டியதை முதலில் ஒதுக்கி, எஞ்சியதற்கேற்ப எந்தப் பயிர் என்று முடிவு செய்கின்றனர். ஆந்திரத்தில் 2003 தொடங்கிச் சில ஆண்டுகள், வறண்ட ஏழு மாவட்டங்களில் நடந்த முயற்சி வேறு விதமானது. ஆங்கே விதியில்லை, தண்டமில்லை. எழுதப்படிக்க அதிகம் அறியாத உழவர்களும் மழைமானியைப் படிக்கவும், கிணற்று நீர்மட்டத்தை அளக்கவும் பழகினர். இரண்டாம் போகத்திற்கு முன்னர் ஊர் கூடி, நிலத்தடியில் இருப்பு இவ்வளவு, நாம் வைக்க எண்ணும் பயிர்களுக்கு வேண்டியது இவ்வளவு என்று சுவரில் எழுதிப் பார்த்தனர். இருப்பைக் கண்ட பின்னர் நெல்லைக் குறைத்துப் புன்செய்ப் பயிருக்கு மாறியவர் பலர்.

மூன்றாவது, முற்கூறிய கான்சஸ் மாகாணமே. அதன் வடமேற்கில் ஷெரிடன் 6 என்று பெயரிட்ட சிறு பகுதியின் உழவர்கள், படுகை வற்றி வருவதைக் கண்டு, 2013-இல் தாமே கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர்: ஐந்தாண்டுக்கு ஏக்கருக்கு 55 அங்குலம் நீர், அதனை எந்த ஆண்டில் எவ்வளவு செலவிடுவது என்பது அவரவர் விருப்பம். இறைப்பை 100-க்கு 20 பங்கு குறைக்க எண்ணித் தொடங்கினர். அதனினும் மிகுதியாகவே குறைத்தனர். விளைச்சல் சிறிது குறைந்தும் ஆதாயம் அவ்வளவாகக் குறையவில்லை. ஒரே மாகாணம், ஒரே படுகை, ஒரே வகைக் கருவிகள். வரம்பில்லாதவிடத்திற் கருவி நீரைக் குடித்தது. வரம்பு வைத்துக்கொண்டவிடத்தில் அதே கருவி நீரைக் காத்தது.

இலவச மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இவ்விஷயத்தை முடிக்கலாகாது. தமிழ்நாட்டில் 1990-ஐயொட்டி எல்லா விவசாயப் பம்புகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தானே ஓடத்தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டு உறங்குபவர் பலர். நீர் வேண்டுமோ வேண்டாவோ, பம்பு ஓடும். ஆதலாற் கட்டணம் விதிப்பதே மருந்து என்று பொருளியல் வல்லார் கூறுவர். நமக்கு அதில் உடன்பாடில்லை. 1970-களில் கோவைப் பகுதியில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர் நடத்திய போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோர் உண்டு. அந்நினைவு கொங்குநாட்டில் இன்னும் மறையவில்லை. நெல்லுக்கும் மஞ்சளுக்கும் விலை உறுதியில்லாத உழவனிடம் மின்சாரத்திற்கு மட்டும் சந்தைவிலை கேட்பது நீதியுமன்று. பஞ்சாபில் 2018-இல் தொடங்கிய ஒரு சோதனை இதனினும் நல்வழியைக் காட்டுகின்றது. ஒவ்வொரு பம்புக்கும் இவ்வளவு யூனிட் என்று ஒதுக்கி, அதிற் செலவிடாமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் உழவனுக்கு 4 ரூபாய் கொடுத்தனர். மானியம் மறுக்கப்படவில்லை, இறைக்காமல் விட்ட நீருக்கும் ஒரு விலை உண்டாயிற்று. தமிழ்நாட்டில் மிகைநுகர்வுள்ள குறுவட்டங்களிலேனும், சொட்டுநீர்க் குழாய்க்குக் கொடுக்கும் மானியத்தோடு இத்தகைய ஏற்பாட்டை இணைத்தால், குழாய்க்குச் செலவிடும் பொதுப்பணம் பொதுநன்மையாகும். ஊர் ஒன்றாகக் கூடிப் பயிர்ப்பரப்பிற்கு வரம்பு வைத்துக்கொண்டாற் குழாயை முன்னதாகக் கொடுப்பது என்று விதிப்பினும் தகும்.

இவற்றையெல்லாம் அரசாங்கத்தார் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. எந்த ஊரும் வரம்பு வைத்துக்கொள்வதற்கு முன்னர்த் தன் இருப்பை அறிதல் வேண்டும். அதற்கு அளவு வேண்டும். அளப்பது மாணவர் செய்யக்கூடிய வேலை. நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பழைய மாணவர்களிற் பலர்க்கு ஊரில் நிலமும் கிணறும் உண்டு. ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரே ஒரு கிணற்றைத் தேர்ந்துகொண்டு, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதன் நீர்மட்டத்தை அளந்து எழுதட்டும். விடுதியில் இருப்போர்க்காக வீட்டிலுள்ள தங்கையோ தாயாரோ அளக்கலாம். முடிச்சிட்ட கயிறும் அதன் நுனியில் ஓர் இரும்புத் துண்டும் போதும். பம்பு ஓடி ஓய்ந்த இரவுக்குப் பின், விடியற்காலையில் அளக்கவேண்டும். கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து அளவாமல், தரைமட்டத்திலிருந்து அளக்கவேண்டும். இல்லையேல் ஒருவர் கணக்கு மற்றொருவர் கணக்கோடு ஒவ்வாது. அருகே அவ்வாண்டு என்ன பயிர், எத்தனை ஏக்கர், வாய்க்காலா குழாயா என்பதையும் குறித்துவைக்கலாம். ரசாயனப் பகுதியார் நீரின் உவர்ப்பைச் சோதித்துக் கொடுப்பர். கணிதப் பகுதியார் அட்டவணை வகுப்பர். கல்லூரி மைதானத்தின் மூலையில் ஒரு மழைமானி வைக்க ஆகும் செலவு, ஆண்டுவிழாவில் ஒரு நாள் மின்விளக்கு அலங்காரத்திற்கு ஆகும் செலவினுங் குறைவு.

ஐம்பது ஊர்க் கிணறுகளின் அளவு ஐந்தாண்டுக்கு நம்மிடம் இருக்குமாயின், குழாய் பதித்த ஊரில் நீர்மட்டம் ஏறிற்றா இறங்கிற்றா என்பதை ஊகித்துப் பேசவேண்டியிராது. அவ்வவ்வூர் கிராமசபையிற் காகிதத்தை விரித்துவைத்தே பேசலாம். இவ்விதழிலேயே ஆண்டுதோறும் இரண்டு பக்கம் அவ்வட்டவணைக்கு ஒதுக்கலாம் என்பது நம் விண்ணப்பம். வரும் புரட்டாசிக்குள் தொடங்கினால், ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னிருந்த அளவும் தைமாதத்து அளவும் அடுத்த மலரிலேயே வெளிவரக்கூடும்.